மஜ்லிஸ்ல (உள்ளூராட்சி மன்றத்துல) காசு இருக்கா இல்லையா? பட்ஜெட் ஆய்வாளர் வேல என்னன்னு ஒரு எளிய விளக்கம்

லோங்காங் (சாக்கடை) அடைச்சுக் கெடக்கு, தெருவிளக்கு எரியல, பாடாங்குல (மைதானத்துல) புல்லு முட்டிக்கு மேல வளந்து போச்சு, போய்க் கேட்டா "பெருந்துக்கான் இல்லங்க"ன்னு, அதாவது ஒதுக்கீடு இல்லன்னு, ஒரே பதில். ஆனா அதே மாசம் தாமான் (வீடமைப்புப் பகுதி) வாசல்ல புதுசா ஒரு வளைவு கட்டி, பேரு எழுதி, கலர் லைட்டும் போட்டிருப்பாங்க. அதுக்கு மட்டும் எங்கருந்து காசு வந்துச்சுன்னு நம்ம மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் கேக்காத ஆளே இல்ல. கேக்குறவங்க கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா "காசு இருக்கா இல்லையா"ன்னு கேட்டா பதில் கெடைக்காது, ஏன்னா மஜ்லிஸ் காசு ஒரே பெட்டில இல்ல, பல பெட்டில பூட்டி வச்சிருக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாவி, ஒரு சட்டம். எந்தப் பெட்டில எவ்வளவு இருக்கு, இந்தச் செலவு எந்தப் பெட்டிலருந்து வரணும், இந்த வருஷம் செஞ்சா அடுத்த வருஷமும் திரும்ப வருமா, இத உக்காந்து பாக்குற ஆளுதான் பட்ஜெட் ஆய்வாளர். நான் பேராக்ல ஒரு மஜ்லிஸ்ல கணக்குப் பக்கம் வேல செய்றவன், அதனால உள்ள எப்பிடி நடக்குதுன்னு தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்.

நியூயார்க் மாதிரி பெரிய நகரத்துல இதுக்குன்னே தனி ஆபீஸ் இருக்கு, ஆளுக்கு ஒரு டிபார்ட்மெண்ட்னு பிரிச்சுக் குடுத்து, போலீஸ் செலவ ஒருத்தர், பார்க் செலவ ஒருத்தர்னு பாப்பாங்க. நம்ம ஊர் மஜ்லிஸ்ல அந்தப் பேர்ல போர்டு மாட்டுன மேசை இருக்காது. ஜபாத்தான் பெர்பெண்டஹாராஆன்னு ஒரு நிதிப் பிரிவு இருக்கும்ல, அங்க இருக்கிற அக்கவுண்டன், பென்னோலோங் அக்கவுண்டன் (உதவிக் கணக்காளர்), அவங்களுக்குக் கீழ வேல செய்ற கிராணிங்க (கிளார்க்குங்க), இவங்கதான் வரவு செலவு கணக்கோட சேத்து இந்த வேலையையும் செய்றாங்க. பேரு வேற, மூளைக்கு வேல ஒண்ணுதான்.

மொதல்ல வரவு. மஜ்லிஸுக்கு பெரும்பாலும் காசு வர்றது நம்ம வீட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ வர்ற சுக்காய் தக்சிரான் பில்லுலருந்துதான், வீட்டு வரின்னு சொல்றோமே அது. பிப்ரவரி கடைசிக்குள்ள ஒரு பாதி, ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஒரு பாதி. இதையும் நில வரியையும் நெறைய பேரு கொழப்பிக்கிறாங்க, நில வரி மாநிலத்தோட நில ஆபீஸுக்குப் போறது, அதுல மஜ்லிஸுக்கு ஒரு சென் கெடையாது, அதனால "நான்தான் நில வரி கட்டுறேனே, ஏன் லோங்காங் கழுவல"ன்னு கவுண்டர்ல சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

வீட்டு வரிய எப்பிடி போடுறாங்கன்னா, 1976-ம் வருஷத்து உள்ளூராட்சிச் சட்டம், சட்டம் 171-ன்னு சொல்வாங்க, அதுப்படி உங்க வீட்ட வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும்னு ஒரு மதிப்பு எடுத்து, அதுல இத்தன சதவீதம்னு கணக்குப் போடணும். மாசம் 500 வெள்ளி (ரிங்கிட்) வாடகை வரக்கூடிய வீடுன்னு வச்சுக்கங்க, வருஷத்துக்கு 6,000, வீதம் 8 சதவீதம்னா வரி 480, அரை வருஷத்துக்கு 240 வெள்ளி. சட்டம் 35 சதவீதம் வரைக்கும் போகலாம்னு அனுமதிக்குது. ஜொகூர்ல மட்டும் வாடகை மதிப்புக்குப் பதிலா சொத்தோட மதிப்ப வச்சுக் கணக்குப் போடுறாங்க, அதுக்கு உச்சம் 5 சதவீதம். இந்த மதிப்புப் பட்டியல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுசாக்கணும்னு சட்டத்துல இருக்கு, ஆனா மாநிலம் ஒத்துக்கிட்டா தள்ளிப் போடலாம், தள்ளியும் போடுறாங்க. கோலாலம்பூர்ல 1992-க்கு அப்புறம் 2014-லதான் புது மதிப்பு நடைமுறைக்கு வந்துச்சு, 2013 கடைசில நோட்டீஸ் வீட்டுக்கு வந்தப்ப ஜனங்க கொதிச்சுப் போயி ஆயிரக்கணக்குல ஆட்சேபம் எழுதிக் குடுத்தாங்க. அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா அந்த அதிர்ச்சி இருந்திருக்காது. இப்பிடி இருபது வருஷம் தள்ளிப் போடுறது ஜனங்களுக்குச் செய்ற உதவின்னு நெனைக்கிறாங்க, என்னப் பொறுத்தவரைக்கும் அது உதவியே இல்ல, ஏன்னா வரவு அப்பிடியே நிக்கும், செலவு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், நடுவுல அடிபடுறது லோங்காங்கும் பாடாங்கும்தான்.

மத்த வரவு: கடை லைசென்ஸ், பாசார் (சந்தை) வாடகை, பார்க்கிங், சம்மன் (அபராதம்) காசு, பேங்குல போட்ட காசுக்கு வட்டி. சர்க்கார் ஸ்கூலு, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி மத்திய அரசு கட்டடத்துக்கு வரி போட முடியாது, அதுக்குப் பதிலா ஒரு பங்குத்தொகை வரும். அதோட 1981-ம் வருஷத்துச் சட்டம் 245-ன்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி மாநிலம் வழியா மஜ்லிஸுக்கு வருஷா வருஷம் மானியம் வருது, சின்ன ஊர் மஜ்லிஸுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா பெட்டாலிங் ஜெயா மாதிரி ஷாப்பிங் மாலும் ஃபேக்டரியும் நம்ம பக்கம் வரிசையா நிக்கல.

இங்க ஆய்வாளர் பாக்க வேண்டிய மொத விஷயம், பில்லு போட்ட தொகை வேற, கைக்கு வர்ற தொகை வேற. ஒரு தாமான்ல 200 வீடு, வீட்டுக்கு வருஷம் 180 வெள்ளின்னா பில்லு 36,000. நூத்துக்கு எழுவது பேருதான் கட்டுறாங்கன்னா வர்றது 25,200. 36,000-த்த நம்பி செலவு எழுதிட்டா செப்டம்பர் மாசமே மூச்சு வாங்கும். பாக்கி வச்சிருக்கிறவங்கள்ல வேணும்னே கட்டாதவங்க கொஞ்சம், தோட்டத்துலருந்து வந்து முன்பணம் கட்டி வீடு வாங்கிட்டு இப்ப வேல இல்லாம திண்டாடுற குடும்பங்க கொஞ்சம், செத்துப் போன தாத்தா பேர்லயே இன்னும் வீடு இருக்கிறது கொஞ்சம். மூணுக்கும் வேற வேற வழி வேணும். ஒரே மாதிரி சிவப்பு நோட்டீஸ் அனுப்புனா காசு வராது. தவணை போட்டுக் குடுத்தா இவ்வளவு வரும், பேரு மாத்தி முடிச்சா இவ்வளவு வரும்னு எடுத்துச் சொல்றதும் ஆய்வாளர் வேலதான்.

இப்ப தோட்டம், அதாவது எஸ்டேட். இத நம்ம ஆளுங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். தோட்டத்துக்குள்ள இருக்கிற ரோடு கம்பெனி ரோடு, மஜ்லிஸ் அதுல கை வைக்க முடியாது. மாநில ரோட்டப் பராமரிக்க மத்திய அரசு குடுக்கிற காசு அரசியலமைப்புச் சட்டப்படி வர்றது, மேரிஸ் (ரோட்டுப் பதிவேட்டோட பேரு) காசுன்னு ஆபீஸ்ல சொல்வாங்க, அது பதிவுல ஏறுன ரோட்டுக்குத்தான் வரும், எத்தன கிலோமீட்டர் பதிவாயிருக்கோ அதுக்கேத்த மாதிரி. செம்பனைக் காட்டு நடுவுல போற ரோடு பதிவுல இல்லன்னா அந்த ரோட்டுக்கு ஒரு காசும் கெடையாது, ஒங்க லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அதுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அதேதான். லயத்து வீடு, தண்ணி, சுத்தம் எல்லாம் 1990-ம் வருஷத்துச் சட்டம் 446-படி மொதலாளி பொறுப்பு. அதனால தோட்டத்துல கூரை ஒழுகுதுன்னு மஜ்லிஸுக்கு மனு எழுதுறது தப்பான கதவத் தட்டுறது, அது தொழிலாளர் இலாகாவுக்குப் போகணும்.

இன்னொரு சிக்கல், தோட்டத்த வித்துட்டாங்க, டெவலப்பர் வந்து தாமான் கட்டிட்டாரு, நம்ம ஜனங்க லயத்துலருந்து அங்க குடி போயிட்டாங்க, ஆனா ரோட்டையும் லோங்காங்கையும் டெவலப்பர் இன்னும் மஜ்லிஸ்கிட்ட முறையா ஒப்படைக்கல. ஒப்படைக்காத வரைக்கும் அந்த ரோட்டுக்கு மஜ்லிஸ் செலவு செஞ்சா ஆடிட்ல கேள்வி வரும். வீட்டு வரி மட்டும் கட்டிக்கிட்டு இருப்பாங்க, குழி மூட ஆளு வராது. அந்தக் கோவம் நூத்துக்கு நூறு நியாயம், ஆனா கேள்விய "ஏன் குழி மூடல"ன்னு கேக்காம "எங்க ரோடு ஒப்படைச்சாச்சா, மேரிஸ்ல பதிவாயிருக்கா"ன்னு கேளுங்க, அதுக்கு ஆமா இல்லன்னு ஒரு பதில் குடுத்தே ஆகணும்.

சரி, செலவு. மஜ்லிஸ் செலவ ரெண்டாப் பிரிப்பாங்க. பெலாஞ்சா மெங்குருஸ்னா அன்றாடச் செலவு: சம்பளம், கரண்டு, டீசல், புல்லு வெட்டு, ரிப்பேர். பெலாஞ்சா பெம்பாங்குனான்னா கட்டுறது: மண்டபம், பாசார் கட்டடம், வளைவு. மேல சொன்ன வளைவுக்கு ஒருவேள மாநிலத்துலருந்தோ ஒரு தொகுதி ஒதுக்கீட்டுலருந்தோ அந்த வேலைக்குன்னே காசு வந்திருக்கும், அத எடுத்து லோங்காங் கழுவ முடியாது. அன்றாடச் செலவுக்குள்ளயும் தலைப்புக்கு ஒரு நம்பர் போட்டுப் பிரிச்சிருக்கும், 10000-ன்னா சம்பளம் அலவன்ஸ், 20000-ன்னா சேவையும் சப்ளையும், 30000 சொத்து வாங்குறது, 40000 மானியம் மாதிரி குடுக்கிறது, 50000 மத்தது. 20000-க்குள்ள 28000-ன்னு வந்தா பராமரிப்பு, சின்ன ரிப்பேர். புதுசா இந்த வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இந்த நம்பர மனப்பாடம் பண்ணுங்கன்னுதான், நம்பர் தெரிஞ்சா எந்த மஜ்லிஸ் பட்ஜெட் புக்கையும் தொறந்து படிக்கலாம்.

இந்த ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்னு ஒலகமே பாத்திருக்கு. 1975-ல நியூயார்க் நகரம் கடன் கட்ட முடியாம திவால் வாசல்ல போய் நின்னுச்சு. அதுக்குப் பல காரணம், ஆனா முக்கியமான ஒண்ணு, அன்றாடச் செலவ எடுத்து கட்டுமானக் கணக்குல எழுதி, அதுக்குக் கடன் வாங்கி வாங்கி பல வருஷம் ஓட்டுனது. ஓய்வு காலத்துக்குச் சேத்து வச்ச இ.பி.எஃப். காச எடுத்து மாசாமாசம் மளிகை வாங்குற மாதிரி, கொஞ்ச நாளைக்கு வீட்டுல ஒரு கொறையும் தெரியாது.

ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம், தொகையெல்லாம் கணக்குக்காக நான் வச்சது. தாமான் எளைஞருங்க ஃபுட்சால் கோர்ட் கேக்குறாங்க. நல்ல விஷயம், சாயந்தரம் பையனுங்க தப்பான எடத்துல சுத்தாம வெளையாடுவானுங்க. கட்ட 150,000 வெள்ளி, அது மாநிலம் குடுக்குதுன்னு வைங்க. எல்லாரும் சந்தோஷமா கைதட்டுவாங்க, ஆய்வாளர் மட்டும் இன்னொரு பேப்பர எடுப்பாரு. ராத்திரி லைட்டு கரண்டு மாசம் 400, வருஷத்துக்கு 4,800. கூட்டிப் பெருக்கி பூட்டுத் தொறக்க கொன்ட்ராக்டருக்கு மாசம் 800, வருஷத்துக்கு 9,600. வலை, பல்பு, தரை ரிப்பேர் 5,000. மொத்தம் வருஷத்துக்கு 19,400. பத்து வருஷத்துல 194,000, அதாவது கட்டுன காச விட ஜாஸ்தி. அந்தத் தாமான் முழுக்க ஒழுங்கா கட்டுனாலும் வரி 36,000-தான், அதுல பாதிக்கு மேல ஒரு கோர்ட்டுக்கே போயிரும், குப்பை லோரி, தெருவிளக்கு, லோங்காங் எல்லாம் மிச்சத்துல. இதுக்காக கோர்ட்டே வேணாம்னு சொல்லணுமா? அது ஆய்வாளர் முடிவு பண்ற விஷயம் இல்ல. "கட்டுங்க, ஆனா 20000-ங்கிற தலைப்புல வருஷத்துக்கு 19,400 வெள்ளி கூட்டி எழுதுங்க, இல்ல மணிக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்குங்க, இல்ல ரெண்டு தாமானுக்கும் நடுவுல ஒண்ணு போடுங்க"ன்னு வழிகள எடுத்து வைக்கணும், முடிவு எடுக்கிறது கவுன்சில். இந்தப் பேப்பர யாரும் எழுதாததாலதான் நம்ம ஊருங்கள்ல தொறப்பு விழா நடந்து ரெண்டே வருஷத்துல பூட்டிக் கெடக்கிற மண்டபங்க இருக்கு.

இந்த வேலைக்கு எக்ஸல் மட்டும் தெரிஞ்சாப் போதும்னு நெனைக்காதீங்க, வெளிய போயி பாக்கணும், ஆளுங்ககிட்ட பேசணும். குப்பை லோரிய எடுத்துக்கங்க. 2007-ல வந்த சட்டம் 672-அ ஏத்துக்கிட்ட ஜொகூர், கெடா, நெகிரி செம்பிலான் மாதிரி மாநிலங்கள்ல 2011 செப்டம்பர்லருந்து குப்பை வேல மத்திய அரசு பக்கம் போயிருச்சு, பேராக் அதுல சேரல, அதனால இங்க குப்பை இன்னும் மஜ்லிஸ் தலையிலதான். டீசல் செலவு போன வருஷத்த விட ஏறியிருக்குன்னு பேப்பர்ல தெரியுது. ஏன்? வெல ஏறுச்சா, லிட்டர் ஏறுச்சா, இத மொதல்ல பிரிக்கணும். வெலன்னா, 2024 ஜூன் 10-ம் தேதி தீபகற்பத்துல டீசல் 2.15 வெள்ளிலருந்து ஒரே ராத்திரில 3.35 ஆச்சு, அந்த வருஷத்துப் பட்ஜெட் 2023-லயே எழுதி முடிச்சது. ஒரு லோரி நாளைக்கு 60 லிட்டர், மாசம் 26 நாள்னா 1,560 லிட்டர், சலுகை வெல கெடைக்காத வண்டின்னா லிட்டருக்கு 1.20 கூட, மாசத்துக்கு 1,872 வெள்ளி ஒரு லோரிக்கு மட்டும் எகிறியிருக்கும். யாரு மேலயும் தப்பு இல்ல, ஆனா காசு எங்கருந்தாவது வந்தாகணும்.

லிட்டர் ஏறியிருந்தா கதை வேற. புதுத் தாமான் சேந்துச்சா, குப்பை கொட்டுற எடம் தூரமாச்சா, லோரி பழசாகி ஜாஸ்தி குடிக்குதா, இல்ல டீசல் வேற எங்கயாவது போகுதா. இத ஆபீஸ் மேசைல உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. காலைல டிப்போவுக்குப் போயி டிரைவர் அண்ணன்கிட்ட மரியாதையா கேட்டா அவரு சொல்வாரு, "தம்பி, அந்தப் பழைய லோரி ஏத்தத்துல ஏறவே மாட்டேங்குது, ரெண்டு தடவ போக வேண்டிய எடத்துக்கு மூணு தடவ போறோம்"னு. அந்த ஒரு வார்த்தைல புது லோரி வாங்குறதா, இன்னும் ரிப்பேர் பண்றதாங்கிற பெரிய கேள்வி ஒளிஞ்சிருக்கு. அவரு நாப்பது வருஷம் அந்த ரோட்டுல ஓடுனவரு, அவர விட்டுட்டு எழுதுற பட்ஜெட் நிக்காது.

வருஷத்துக்குள்ள ஒரு தலைப்புல காசு பத்தலன்னா வேற தலைப்புல மிச்சம் இருக்கிறத அனுமதி வாங்கி மாத்தலாம், அதுக்குப் பேரு விரெமென். அடிக்கடி விரெமென் கேக்குற டிபார்ட்மெண்ட்னா மொதல்ல எழுதுனதே சரியில்லன்னு அர்த்தம். அதே மாதிரி அக்டோபர் வரைக்கும் கைய வைக்காம நவம்பர் டிசம்பர்ல அவசர அவசரமா நாற்காலி, கர்ட்டன்னு வாங்குறது, மிச்சம் வச்சா அடுத்த வருஷம் கொறைச்சிருவாங்கன்னு பயம். இத மாத்தணும்னா மிச்சப்படுத்துன டிபார்ட்மெண்ட்ட தண்டிக்கிற பழக்கத்த மொதல்ல விடணும், இது என்னோட உறுதியான அபிப்பிராயம்.

பட்ஜெட் வருஷம் ஜனவரிலருந்து டிசம்பர். நடு வருஷத்துல எல்லா டிபார்ட்மெண்டுக்கும் சுற்றறிக்கை போகும், அவங்க கேக்குற தொகைய எழுதி அனுப்புவாங்க, கேக்குறது எப்பவும் இருக்கிறத விட ஜாஸ்தியாத்தான் இருக்கும், அப்புறம் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு வச்சு வரி வரியா பாக்குறது, நிதிக் குழு, முழுக் கவுன்சில் கூட்டம், கடைசில மாநில அரசு அங்கீகாரம்.

கவுன்சில்ல ஒக்காந்திருக்கிறவங்க நாம ஓட்டுப் போட்டு அனுப்புனவங்க இல்ல, மாநில அரசு நியமிச்சவங்க. உள்ளூராட்சித் தேர்தல் 1965-ல நிறுத்தி வச்சது, 1976 சட்டம் அத அடியோட எடுத்துருச்சு. நடுவுல செனட்டர் ஆதி நாகப்பன் தலைமைல ஒரு அரச ஆணையம் ஊர் ஊரா விசாரிச்சு, தேர்தல் வேணும்னு பரிந்துரைச்சு அறிக்கை குடுத்துச்சு, அரசாங்கம் அத ஏத்துக்கல. நம்ம தமிழர் ஒருத்தர் அவ்வளவு பாடுபட்டு எழுதுன அறிக்கை, நம்ம பிள்ளைங்க அத பத்தியாவது தெரிஞ்சிருக்கணும். தேர்தல் இல்லாட்டியும் ஜனங்க பட்ஜெட்ல பேச முடியும்னு பினாங்கு காமிச்சிருக்கு, 2012-லருந்து அங்க ரெண்டு மஜ்லிஸும் பி.பி.ஆர். (வருமானம் கொறைஞ்சவங்களுக்கான அரசாங்க) ஃபிளாட்டுங்கள்ல குடியிருக்கிறவங்ககிட்ட, பொம்பளைங்க வயசானவங்க பிள்ளைங்கன்னு எல்லாரையும் தனித்தனியா கேட்டு, எதுக்கு மொதல்ல செலவு பண்ணணும்னு அவங்களையே முடிவு பண்ண வச்சாங்க. நம்ம பக்கமும் செய்யலாம், செய்யணும்.

இந்த வேலைக்கு வரணும்னு ஆசைப்படுற தம்பி தங்கச்சிங்களுக்கு: எஸ்.பி.எம். பரீட்சைல (அஞ்சாம் படிவத்துல எழுதுறது) பகாசா மலாயு (மலாய் மொழி) கிரெடிட் கட்டாயம் வேணும், அது இல்லாம நல்லாப் படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேரு வாசல்லயே நின்னுட்டாங்க. எஸ்.பி.எம். முடிச்சா நிதிப் பிரிவு கிராணி, அக்கவுண்டிங் டிப்ளோமான்னா பென்னோலோங் அக்கவுண்டன், டிகிரின்னா அக்கவுண்டன். விளம்பரம் மஜ்லிஸ் வெப்சைட்ல மலாய்ல வரும், தமிழ் பேப்பர்ல வரும்னு காத்திருக்காதீங்க. இண்டர்வியூல "ஏன் இந்த வேல"ன்னு கேட்டா, உங்க தாமானோட வரி எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு ஒரு பக்கத்துல போட்டுக் கொண்டு போயிக் காட்டுங்க.

வேலைக்கு வராதவங்களும் பட்ஜெட் புக்க பாக்கலாம். முழுக் கவுன்சில் கூட்டம், கவுன்சிலே தீர்மானம் போட்டு மூடலன்னா, சட்டப்படி பொதுமக்களுக்கு தொறந்துதான் இருக்கணும், கமிட்டி கூட்டத்துக்கு அந்த விதி இல்ல. கூட்டக் குறிப்பையும் வரி கட்டுறவங்க போயிப் பாக்கலாம். புக்குல மூணு நெடுக்குப் பத்தி இருக்கும்: போன வருஷம் உண்மையா செலவானது, இந்த வருஷம் ஒதுக்குனது, அடுத்த வருஷம் கேக்குறது. மூணாவது பத்திய மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க. 28000-ங்கிற பராமரிப்புத் தலைப்புல ஒதுக்குனது எவ்வளவு, உண்மையா செலவானது எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒதுக்கி வச்சும் செலவாகலன்னா "பெருந்துக்கான் இல்ல"ங்கிற பதில் அங்க பொருந்தாது, வேல ஏன் நடக்கலன்னுதான் கேக்கணும். மனு எழுதுறப்ப ரோட்டுப் பேரு, எத்தன வீடு, எந்த நம்பர்ல செலவு வரணும், வருஷா வருஷம் எவ்வளவு ஆகும்னு போட்டு, ஆகஸ்டுக்குள்ள உங்க பகுதி கவுன்சிலர்கிட்டயும் எஞ்சினியர் பிரிவுலயும் ஆளுக்கு ஒரு காப்பி குடுத்து, வாங்குனதுக்கு சாப் (முத்திரை) அடிச்சு வாங்கிக்கங்க.